நாணயம் போலிருந்தால் நம்முலைட் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரியலூர் பக்கம் களப்பயணம் போய்வந்த மதுரை மாணவர்கள் சேகரித்த புதைபடிவங்களைப் பற்றி உங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில் படத்தோடு செய்தி வந்திருந்தது. டைனோசர் எலும்பு கிடைத்தால்தான் செய்தி என்றிருக்கும் காலத்தில், விரல்நுனியில் அடங்கும் வட்டக் கற்களுக்கு இடம் கொடுத்தீர்கள், நன்றி. படத்துக்குக் கீழே இருந்த ஒற்றை வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். “நம்முலைட் எனப்படும் அழிந்துபோன கடல் சிப்பி இனம். இடம்: கல்லங்குறிச்சி” என்று அச்சிட்டிருந்தீர்கள். இந்த வரியில் ஊர்ப்பெயர் தவிர மற்ற எல்லாவற்றிலும் கேள்வி இருக்கிறது. இதை வெட்டி மாணவர்கள் நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள், அங்கிருந்து கண்காட்சி அட்டைக்குப் போகும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் சிப்பி. சிப்பி மெல்லுடலி. படத்தில் இருப்பவை ஃபோராமினிஃபெரா வகை. நிலவியல் படிக்கிறவர்கள் சுருக்கமாக ஃபோராம் என்பார்கள். ஒரே ஒரு செல் கொண்ட உயிர். வளர வளரத் தன் ஓட்டில் புது அறை ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போகும். இந்தக் குழப்பம் இன்று வந்ததல்ல. 1826இல் ஃபோராமினிஃபெரா என்ற பெயரை ஏற்படுத்திய பிரெஞ்சு அறிஞர் தொர்பின்யியே இவற்றைக் கணவாய், நாட்டிலஸ் கூட்டத்தோடுதான் வைத்தார். சுருண்ட ஓடு, உள்ளே தடுப்புச்சுவர்கள், அறைகள் என்று பார்த்ததும் அப்படித்தான் தோன்றும். உயிருள்ளவற்றைப் பார்த்து, உள்ளே இருப்பது உறுப்புகளில்லாத வெறும் உயிர்க்கூழ், அது நூல் போன்ற போலிக்கால்களை நீட்டுகிறது என்று 1835இல் துஜார்தான் காட்டிய பிறகுதான் அவை கணவாயின் உறவிலிருந்து விடுபட்டன. வெளியே பார்த்து உறவு சொன்னதால் வந்த பிழை அது. ‘நம்முலைட்’ என்று எழுதியதும் அதே வகைப் பிழைதான்.

நம்முலைட் என்ற பேரினத்தின் காலக் கணக்கைப் பாருங்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரட்டேசியஸ் காலம் முடிந்தபின் பேலியோசீன், இயோசீன், ஒலிகோசீன் என்று காலங்கள் அடுத்தடுத்து வந்தன. நம்முலைட் பேலியோசீனின் பிற்பகுதியில் தலைகாட்டி, இயோசீனில் கடல் கடலாகப் பெருகி, ஒலிகோசீனில் முடிந்துபோகிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையோ கிரட்டேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனைச் சேர்ந்தது. கிரிஃபியா, இனோசெராமஸ் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் பாறை அது. 1862இல் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதியதிலிருந்து அதன் இடம் அரியலூர் தொகுதிதான். கிரட்டேசியஸ் முடிந்தது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. கல்லங்குறிச்சிக் கடல் வற்றியதற்கும் உலகின் முதல் நம்முலைட்டுக்கும் இடையில் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. அந்தப் பாறையில் நம்முலைட் இருக்க வழியில்லை.

ஆனால் இந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்வதும் சரியில்லை. பாறையின் வயதைச் சொல்லத்தான் நமக்கு ஃபோராம் தேவைப்படுகிறது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத்தூளில் ஃபோராம்களைத் தேடுவதும் அதற்குத்தான். வயதை வைத்துப் பெயர், பெயரை வைத்து வயது என்று சுற்றிவந்தால் இரண்டுமே நிற்காது. பேரினப் பெயர் அந்த ஓட்டுக்குள்ளிருந்தே வரவேண்டும். அதற்கு அதை வெட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

ஏன் வெளித்தோற்றம் போதாது? ஆழம் குறைந்த, வெளிச்சம் விழும் வெப்பக்கடலில் வாழும் பெரிய ஃபோராம்கள் பல, தங்கள் உடலுக்குள் நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொள்கின்றன. இன்றும் வாழும் ஆம்ஃபிஸ்டெஜினாவிலும் ஆப்பர்குலினாவிலும் இதைக் காணலாம். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், ஓடு அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் அது நிறையக் கிடைக்கும். ஆகவே வெவ்வேறு வம்சங்கள், வெவ்வேறு காலங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தட்டு வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. கிரட்டேசியஸில் ஆர்பிட்டாய்டஸ், லெபிடார்பிட்டாய்டஸ். பேலியோசீன், இயோசீனில் டிஸ்கோசைக்ளினா. பிறகு லெபிடோசைக்ளினா. நம்முலைட்டும் இந்தத் தட்டுக்கூட்டத்தில் ஒன்று. இவற்றை ஒரே தாம்பாளத்தில் கொட்டிக் கலந்தால் எதிலிருந்து எது என்று கண்ணால் பிரிக்க, பழக்கப்பட்டவர்களாலும் முடியாது. விளிம்பு தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வெட்டுவது என்றால் இரண்டு திசைகள். தட்டைப் படுக்கவைத்து அதன் நடுத்தளத்தில் வெட்டுவது ஒன்று, இட்லியைக் குறுக்கே இரண்டு வட்டமாகப் பிளப்பது போல, இதை நடுவெட்டு என்போம். தட்டை நிமிர்த்தி, நடுமையத்தின் வழியாக மேலிருந்து கீழே வெட்டுவது இன்னொன்று, இதை அச்சுவெட்டு என்போம். இரண்டும் வேண்டும். ஒன்றில் தெரிவது மற்றதில் தெரியாது.

உண்மையான நம்முலைட்டாக இருந்தால் நடுத்தளத்தைத் திறக்க எளிய வழி உண்டு. உதிரியாகக் கிடைத்த, ஒரு சென்டிமீட்டருக்குட்பட்ட மாதிரியை நீண்ட இடுக்கியில் பிடித்து கேஸ் பர்னர் சுவாலையில் காட்டவேண்டும். மங்கலாகச் செம்மை தட்டியதும் குளிர்ந்த நீரில் போட்டால், சடக்கென்று நடுத்தளத்தில் இரண்டாகப் பிளந்துகொள்ளும். அறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தளம்தான் ஓட்டின் வலுக்குறைந்த இடம் என்பதால் இது நடக்கிறது. பளீரென்று சிவக்கும் வரை விட்டால் ஓடு சுட்ட சுண்ணாம்பாகிவிடும், தண்ணீர் பட்டதும் நீறிக் குழைந்துபோகும். சில மாதிரிகள் சுவாலையிலேயே வெடித்துச் சில்லு தெறிக்கும், கண்ணாடி அணியாமல் செய்யவே கூடாது. ஆர்பிட்டாய்டஸ் வகையறாவில் இந்த முறையை நம்பமுடியாது. நடுத்தளத்தின் இருபுறமும் சிற்றறைகள் அடுக்கடுக்காக அடைத்திருப்பதால் அது தன் விருப்பம்போல் உடையும். அப்படிப் பிளக்க மறுப்பதை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே அரியலூர் மாதிரிகளைத் தேய்த்துத்தான் பார்க்கவேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பெயிண்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் 400, 600, 1000 எண்களில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தட்டையான தடித்த கண்ணாடி ஒன்று, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 75க்கு 25 மில்லிமீட்டர் கண்ணாடிச் சில்லுகள், கனடா பால்சம் என்ற ஒட்டும் பிசின் இருந்தால் போதும். அரால்டைட் வேண்டாம். ஒட்டினால் ஒட்டியதுதான், மாதிரியைப் புரட்டமுடியாது. பால்சம் சூட்டுக்கு இளகும். சில்லின்மேல் பால்சத்தைச் சூடாக்கி, குமிழி அடங்கியபின் தட்டைப் படுக்கையாக வைத்து ஒட்டவேண்டும். குமிழி இருக்கும்போதே ஒட்டினால், தேய்க்கும்போது அந்த இடத்தில் மாதிரி பெயர்ந்து வந்துவிடும்.

கண்ணாடிமேல் வாட்டர் பேப்பரை விரித்து, நீர் விட்டு, எட்டுப் போடுவது போல் சில்லை ஓட்டித் தேய்க்கவேண்டும். முதலில் 400, வடிவம் தெரியத் தொடங்கியதும் 600. இனிமேல் அவசரம் கூடாது. ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை கழுவி, ஈரமாக இருக்கும்போதே லென்ஸில் பார்க்கவேண்டும். நாம் தேடுவது நட்டநடுவில் இருக்கும் முதல் அறைகளை, அதாவது கருவறைத் தொகுதியை. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குமிழ். தென்படாமலேயே இருந்து, சட்டென்று வட்டமாகத் தோன்றி, இன்னும் நாலு இழுப்பில் காணாமல் போய்விடும். போனால் அந்த மாதிரி போனதுதான். வட்டம் விரிந்துகொண்டே வந்து, விரிவது நின்ற கணத்தில் தேய்ப்பதை நிறுத்தவேண்டும். அதுதான் நடு. 1000 எண் தாளில் மெருகு கொடுத்து, சில்லைச் சூடாக்கி மாதிரியைப் பெயர்த்து, மெருகிட்ட முகம் கீழே வரும்படி புதுச் சில்லில் ஒட்டி, மறுபுறத்தைத் தேய்க்க ஆரம்பிக்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் அறைச்சுவர்கள் தனித்தனியாகத் தெரியும் கனம் போதும். பாறையியல் மெல்வெட்டுக்கு 30 மைக்ரான் என்று பாடத்தில் இருக்கும். பெரிய ஃபோராமுக்கு அதைவிடத் தடித்தே விடலாம், மிக மெலிந்தால் சுவரின் அமைப்பு வெளிறிப்போகும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, விரல் அழுத்தம் ஒருபக்கம் கூடிப்போவது. வெட்டு சாய்ந்துவிடும். அப்போது வட்டத்தின் ஒரு பாதியில் நடுத்தள அறைகளும், மறுபாதியில் மேலடுக்குச் சிற்றறைகளும் தெரியும். இரண்டும் வேறு வேறு வடிவம். ஒரே மாதிரியில் இரண்டு பேரினத்தின் அடையாளங்களைப் பார்த்ததாக எழுதிவைத்த குறிப்பேடுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சாய்வுதான்.

இப்போது என்ன தெரிகிறது என்று பார்ப்போம். முதல் கேள்வி சுவர். கண்ணாடி போல் தெளிந்து, நுண்துளைகள் கொண்ட சுண்ணாம்புச் சுவரா, பீங்கான் போல் ஒளி புகாமல் கருத்துத் தெரிவதா, மணல் துகள்களைக் கோத்துக் கட்டியதா? லோப்லிக், டாப்பன் தம்பதி 1964இலும் 1987இலும் வெளியிட்ட பெரும் வகைப்பாடுகளில் முதல் நிலைப் பிரிவே சுவரை வைத்துத்தான். நம்முலைட், ஆர்பிட்டாய்டஸ், டிஸ்கோசைக்ளினா எல்லாம் தெளிந்த சுவர்க் கூட்டம். எனவே இங்கே இதில் அதிக நேரம் செலவாகாது.

இரண்டாவது கேள்விதான் தீர்ப்பைச் சொல்வது. அறைகள் சுருளாகப் போகின்றனவா, வளையம் வளையமாக வைக்கப்பட்டிருக்கின்றனவா? நம்முலைட்டின் நடுவெட்டு அசல் கைச்சுற்று முறுக்கு. ஒரே இழை நடுவிலிருந்து புறப்பட்டுச் சுற்றிச் சுற்றி விளிம்புக்கு வரும். சுற்றுகளுக்கிடையே சாய்ந்த தடுப்புச்சுவர்கள், அவற்றுக்கிடையே பிரிவில்லாத ஒற்றை அறைகள். ஒவ்வொரு சுற்றின் வெளிவிளிம்பிலும் கால்வாய்கள் ஓடும் தடித்த கயிறு போன்ற ஓரம் உண்டு, இதை ஓரக்கயிறு என்று சொல்லலாம். அச்சுவெட்டில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை முழுக்கப் போர்த்திக்கொண்டு, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல் தெரியும். நடுவில் மேலும் கீழும் சிற்றறை அடுக்குகள் இருக்காது. சுருள் இருந்து போர்த்தல் இல்லாமல், வெளியிலிருந்தே எல்லாச் சுற்றும் தெரிந்தால் அசிலினா பக்கம் போகவேண்டும். சுற்று இரண்டு மூன்றுதான், அவையும் வேகமாக அகன்றால் ஆப்பர்குலினா. சுருளறைகள் குறுக்குச்சுவரால் சிற்றறைகளாகப் பிரிந்திருந்தால் ஹெட்டிரோஸ்டெஜினா.

முறுக்கு இல்லாமல், கருவறையைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிற்றறைகள் அடுக்கியிருந்தால் நம்முலைட் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஒவ்வொரு சிற்றறையின் வடிவத்தையும் பார்க்கவேண்டும். செங்கல் வைத்தது போல் நீள்சதுரமாக இருந்தால் டிஸ்கோசைக்ளினா. மீன் செதில் போல் வளைந்து, ஒன்றின் தோளில் ஒன்று ஏறியிருந்தால் ஆர்பிட்டாய்டஸ் அல்லது லெபிடார்பிட்டாய்டஸ். கல்லங்குறிச்சிப் பாறையில் தேடவேண்டியது இந்தச் செதில் வடிவத்தைத்தான். இரண்டையும் பிரிப்பது கருவறைத் தொகுதி. தடித்த சுவருக்குள் இரண்டு முதல் நான்கு அறைகளை ஒரு குடத்தில் அடைத்தது போலிருந்தால் ஆர்பிட்டாய்டஸ். மெல்லிய சுவருடன் சிறிதும் பெரிதுமாக இரண்டு அறை ஒட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்து துணையறைகள் கிளம்பிச் சுற்றினால் லெபிடார்பிட்டாய்டஸ். அச்சுவெட்டில் இரண்டிலுமே நடுத்தளத்தின் மேலும் கீழும் சிற்றறை அடுக்குகள் தெரியும். லெபிடார்பிட்டாய்டஸில் அவை செங்கல் அடுக்கு போல் ஒழுங்காக நிற்கும். கருவறையைத் தொலைத்துவிட்ட மாதிரியை வைத்து இவ்விரண்டில் ஒன்றைச் சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

அதே பாறையில் சிடரோலைட்டஸும் வரும். அது நட்சத்திரம் போல் முட்கள் நீட்டியிருப்பதால் அடையாளம் எளிது என்பார்கள். அலையில் உருண்டு முள் ஒடிந்தால் அதுவும் உருண்டைத் தட்டுதான். வெட்டினால் நடுவில் சுருள் தெரியும். சுருளைக் கண்ட உற்சாகத்தில் நம்முலைட் என்று எழுதுவது இங்கேதான் நடக்கிறது. விளிம்பை நோக்கி ஓடும் முள்ளின் அடிக்கட்டைகளும் அவற்றின் கால்வாய்களும் வெட்டில் இருக்கின்றனவா என்று தேடினால் தப்பலாம்.

ஒரே சிற்றினம் இரண்டு உருவத்தில் வருவது இன்னொரு பொறி. ஃபோராம்களில் பாலினப் பெருக்கத் தலைமுறையும் பாலிலாப் பெருக்கத் தலைமுறையும் மாறி மாறி வருகின்றன. ஒன்றுக்குக் கருவறை பெரிது, ஓடு சிறிது. மற்றதற்குக் கருவறை கண்ணுக்கே அகப்படாத அளவு நுண்ணியது, ஓடு பல மடங்கு பெரிது. நம்முலைட்டில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும் தட்டுகள் எல்லாம் இரண்டாம் வகை. 1880இல் முனியே-ஷால்மா இந்த இரட்டை உருவத்தைச் சுட்டிக்காட்டும் முன், ஒரே சிற்றினத்தின் பெரியதும் சிறியதும் இரண்டு பெயர்களில் பதிவாகிக்கொண்டிருந்தன. ஆகவே பெட்டியில் இருப்பதில் பெரிய, அழகான மாதிரிகளையே பொறுக்கி வெட்டுவது தவறு. அவற்றில் கருவறை பெரும்பாலும் கிடைக்காது. சிறியவற்றையும் சேர்த்துக் குறைந்தது இருபது மாதிரிகளையாவது வெட்டினால்தான் நாலைந்து நல்ல நடுவெட்டு தேறும். மாணவர்கள் இரண்டு மூன்றோடு நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த இடத்துக்கு இன்னொரு முறை போகும் வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை.

காரை என்ற ஊர்ப்பக்கக் களிமண்ணிலிருந்து நுண்ணிய ஃபோராம் எடுக்கும் முறையைப் பற்றியும் உங்கள் செய்தியில் ஒரு வரி இருந்தது. அமிலத்தில் ஊறவைத்ததாக எழுதியிருந்தீர்கள். சுண்ணாம்பு ஓட்டை அமிலத்தில் போட்டால் முதலில் கரைவது அந்த ஓடுதான், வினிகரும் விதிவிலக்கல்ல. சரியான முறை இது. 200 கிராம் மண்ணை ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி, மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, எண்ணெயை வடித்துவிட்டு உடனே நீர் ஊற்றவேண்டும். துளைகளில் புகுந்த எண்ணெயை நீர் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது மண் தானாகப் பொடிந்துவிடும். பிறகு சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு இரவு. 63 மைக்ரான் சல்லடையில், அழுத்தம் குறைந்த குழாய்நீரில், வடியும் நீர் தெளியும் வரை அலசவேண்டும். ஒரு மாதிரி முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கி எடுப்பதை மறக்கக் கூடாது. கண்ணியில் சிக்கி நின்ற பழைய ஓடுகள் நீலமாகிவிடும். அடுத்த மாதிரியில் நீலநிற ஓடு கண்டால் அது முந்தைய ஊர்க்காரன், ஒதுக்கிவிடலாம். இந்த ஒரு நடைமுறை இல்லாததால் வெவ்வேறு கால ஓடுகள் கலந்து, வயதுக் கணிப்பே தவறிப்போகும்.

பெயர்களைப் பற்றி இரண்டு விஷயம். பேரினம், சிற்றினம் என்று இரண்டு சொற்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ‘இனம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாது. நம்முலைட் ஒரு பேரினம், அதற்குள் சிற்றினங்கள் ஏராளம். பழைய நூல்களில் அதையே கேமரினா என்று பார்த்து மாணவர்கள் வேறு ஏதோ என்று நினைத்துவிடுகிறார்கள். 1789இல் புரூகியேர் வைத்த அந்தப் பெயர்தான் மூத்தது. லமார்க் 1801இல் வைத்த நம்முலைட்டஸ் இளையது. மூத்த பெயருக்கே உரிமை என்பது பொதுவிதி. ஆனால் ஊரறிந்த பெயரை மாற்றினால் குழப்பம் மிஞ்சும் என்பதால், விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் 1945இல் கேமரினாவை ஒதுக்கி நம்முலைட்டஸை நிலைநிறுத்தியது.

அடுத்தது ‘அழிந்துபோன’ என்ற சொல். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இன்றும் வாழும் வீனோசஸ் என்ற சிறிய ஃபோராம் ஒன்று உண்டு. சுருள், போர்த்தல், ஓரக்கயிறு எல்லாம் இருக்கிறது. சிலர் அதை நம்முலைட்டஸிலேயே வைக்கிறார்கள், சிலர் ஆப்பர்குலினெல்லா என்றும் வேறு சிலர் பேலியோநம்முலைட்டஸ் என்றும் தனிப் பேரினமாக்குகிறார்கள். முதல் கட்சி சரியென்றால் நம்முலைட் அழியவில்லை. பேரினத்தின் வேலியை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து அழிவும் மாறுகிறது. வாழும் ஃபோராம்களில் மரபணுவைப் பார்த்து உறவைச் சரிபார்க்க இப்போது முடிகிறது, 2013இல் பவ்லோவ்ஸ்கி குழுவினர் அந்த அடிப்படையில் மேல்நிலை வகைப்பாட்டையே மாற்றி அமைத்தார்கள். ஆர்பிட்டாய்டஸுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிரட்டேசியஸ் முடிவில் வாரிசில்லாமல் போனது அது. அதன் ஓட்டின் வெட்டு ஒன்றே நம்மிடமுள்ள சாட்சி. அதனால்தான் அந்த வெட்டைச் சரியாகச் செய்யச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

செய்தி வந்தபின் சில வாசகர்கள் யானைமலையிலும் நாகமலையிலும் இவை கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். கிடைக்காது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் எல்லாம் சார்னோகைட், நைஸ் போன்ற, ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப்பழைய பாறைகள். சுண்ணாம்புக்கல் இருந்தால் ஃபோராம் இருக்கும் என்பதும் சரியல்ல. அருப்புக்கோட்டை பக்கம் பந்தல்குடியில் வெட்டுவது படிகச் சுண்ணாம்புக்கல், அதுவும் ஃபோராம்களுக்கு முந்திய காலத்தது. அசல் நம்முலைட்டை மதுரையிலேயே பார்க்க ஆசைப்படுபவர்கள் மார்பிள் கடைக்குப் போகலாம். எகிப்திலிருந்து இறக்குமதியாகும் கிரீம் நிற மார்பிள் சிலவற்றில் மெருகிட்ட முகத்தில் கோதுமை மணி போலவும், சுருளாகவும் தெரிபவை நம்முலைட் வெட்டுகளே. நீள்மணி வடிவம் அச்சுவெட்டு, சுருள் நடுவெட்டு, இரண்டுங்கெட்டான் வடிவங்கள் சாய்வெட்டு. ஒரே பலகையில் மூன்றும் கிடைக்கும், பயிற்சிக்கு இதைவிட வசதி இல்லை. கீஸா பிரமிடுகளின் கல்லும் இந்த வகைதான். அங்கே சிந்திக்கிடந்தவற்றை, கட்டிய ஆட்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லானது என்று ஊரார் சொன்னதை கிரேக்கரான ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார்.

வாழும் ஃபோராமைப் பார்க்க மண்டபம் கடற்கரை மணல் ஒரு பிடி போதும். தீவுகள் பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்கா, அங்கே கைவைக்கக் கூடாது, பவளத் துண்டும் எடுக்கக் கூடாது. பொதுக் கரையின் மணலை நன்னீரில் கழுவி உலர்த்தி, கறுப்புத் தாளில் பரப்பி, ஈரத் தூரிகையின் நுனியால் ஒற்றி எடுக்கலாம். லென்ஸ் வடிவில் ஆம்ஃபிஸ்டெஜினா கிடைத்தால், அதை வெட்டிப் பழகியபின் புதைபடிவத்துக்கு வருவது நல்லது. வெளித்தோற்றத்தில் சிறு நம்முலைட் என்றே தோன்றும், அச்சுவெட்டில் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாததைப் பார்த்ததும் தெளிவாகிவிடும்.

அரியலூர் சுரங்கங்கள் வெடிவைத்து வேலை நடக்கும் இடங்கள். அனுமதியும் தலைக்கவசமும் இல்லாமல் மாணவர்களை அனுப்பக் கூடாது. வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால் எதைத் தேடுகிறோம் என்ற தெளிவு கிடைக்கும்.

கடைசியாக, உங்கள் படத்தில் மாதிரிகளுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. 1992 வரிசை ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர், 2011 வரிசை 22. எந்த நாணயம் என்று படத்தில் தெரியவில்லை. இனிமேல் மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோலை வைத்துப் படமெடுக்கும்படி நிருபர்களிடம் சொல்லுங்கள். திருத்தம் வெளியிடும்போது, வெட்டிப் பார்க்கும் வரை, அந்தப் படத்துக்குக் கீழே போடக்கூடியது இவ்வளவுதான்: “ஆர்பிட்டாய்டு வகை ஃபோராமினிஃபெரா எனக் கருதப்படுபவை; பேரினம் உறுதிசெய்யப்படவில்லை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை, மாஸ்ட்ரிக்டியன், பிந்திய கிரட்டேசியஸ்.” மாணவர்கள் தங்கள் பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் இதோடு, சுரங்கத்தின் எந்தச் சுவர், அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், பாறையில் பதிந்திருந்ததா கீழே உதிர்ந்து கிடந்ததா, எடுத்த தேதி ஆகியவற்றையும் பென்சிலால் எழுதவேண்டும். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

இப்படிக்கு,
நுண்புதைபடிவ ஆசிரியர்கள் மூவர்,
மதுரை.